ரத்தக்கட்டுக்கும் மாரடைப்புக்கும் மரபணு டெஸ்ட்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். "இதயம் மற்றும் ரத்தம் உறைதல் மரபணு பேக்கேஜ்" என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒருவர் என் அண்ணன். வயது 39, வீடு பெரம்பூரில், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில். அப்பாவுக்கு 48 வயதில் மாரடைப்பு வந்ததிலிருந்து அடுத்தது தான்தான் என்ற பயம் அவருக்கு. இன்னொருத்தி சித்தி மகள். வயது 29. பிசிஓடி என்ற சினைப்பைக் கோளாறுக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இடது கால் வீங்கியது. டாப்ளர் ஸ்கேனில் தொடைக்குள் ரத்தக்கட்டி தெரிந்தது.

சித்தி ஒரே வரியில் முடித்துவிட்டார். "அத்தானுக்கு நெஞ்சுல அடைச்சது இவளுக்குக் கால்ல அடைச்சிருக்கு. எல்லாம் ஒரே ரத்தம்தானே?"

ஒரே ரத்தம் இல்லை. அப்பா சித்திக்கு அக்கா வீட்டுக்காரர். அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களும் அல்ல. அப்பாவின் மரபணு எதுவும் சித்தி மகளுக்குப் போக வழியே கிடையாது. அதைவிட முக்கியம், இரண்டும் ஒரே நோயும் அல்ல. காலில் வந்தது சிரைக்குள் உறைந்த ரத்தம். ரத்தம் மெதுவாக ஓடும் இடத்தில், உறைய வைக்கும் புரதங்கள் அளவுக்கு மீறி வேலை செய்து உண்டாக்குவது. மாரடைப்பு தமனியில் நடப்பது. பல வருடமாகக் குழாய்ச் சுவரில் சேர்ந்த கொழுப்புப் படிவு ஒரு நாள் வெடிக்கிறது, அதன்மேல் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு அடைக்கின்றன. முதலாவதற்குப் பொறுப்பான மரபணுக்கள் வேறு, இரண்டாவதற்கு வேறு. ஒன்றுக்கான டெஸ்டை இன்னொன்றுக்கு எடுத்தால் பணம் போகும், பதில் வராது. பேக்கேஜ் போடுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நாங்கள் எடைபோட்டவை இவை: ரத்தம் உறைதலுக்கான த்ராம்போஃபிலியா பேனல், வீட்டுக்கே வரும் எச்சில் கிட், கொலஸ்ட்ரால் மரபணுக்களை வரிவரியாகப் படிக்கும் சீக்வென்சிங், அப்புறம் எந்த லேபிலும் கிடைக்கிற சாதாரண ரத்தப் பரிசோதனை. நாலுக்கும் ஒரே கேள்வியைத்தான் வைத்தேன். விடை ஆம் என்று வந்தால் என்ன செய்வோம், இல்லை என்று வந்தால் என்ன செய்வோம்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் டெஸ்டே வேண்டாம்.

பேனலை முதலில் பார்ப்போம், அதுதான் அதிகம் விற்கிறது. அதில் தலைப்பு நட்சத்திரம் ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணு மாற்றம். நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் 1994-ல் கண்டுபிடித்தார்கள். உறைதல் தொடங்கியதும் அதை நிறுத்துவதற்கு உடம்பில் புரோட்டீன் சி இருக்கிறது. அது ஃபேக்டர் ஃபைவ் என்ற உறைய வைக்கும் புரதத்தை வெட்டிச் செயலிழக்க வைக்கும். இந்த மாற்றம் உள்ளவர்களிடம், வெட்ட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதால் புரோட்டீன் சி-யால் சரியாக வெட்ட முடிவதில்லை. மாறிய மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் சிரையில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு 3 முதல் 5 மடங்கு கூடும். 1996-ல் அதே ஊரில் கண்டுபிடித்த, புரோத்ராம்பின் என்ற இன்னொரு உறைதல் புரதத்தின் மரபணு மாற்றம் இரண்டாவது.

இவை இரண்டும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம். ஃபேக்டர் ஃபைவ் லைடன் அங்கே சுமார் 5 சதவீதம் பேரிடம், புரோத்ராம்பின் மாற்றம் சுமார் 2 சதவீதம் பேரிடம் இருக்கும். நம் ஊரில் முதலாவது அதைவிடக் குறைவு, இரண்டாவது மிக மிக அரிது. அதனால் சென்னையில் ஒருவருக்கு "நெகட்டிவ்" என்று வருவது பெரிய செய்தி இல்லை. டெஸ்ட் எடுக்காமலே அநேகமாக அதுதான் பதில். நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பார்த்து "எனக்கு ரத்தக்கட்டு வராது" என்று நம்பிவிடுவதுதான் ஆபத்து.

சரி, சித்தி மகளுக்குப் பாசிட்டிவ் என்றே வைத்துக்கொள்வோம். என்ன மாறும்? ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை மூன்று மாதமாவது சாப்பிட வேண்டும். மரபணு எப்படி இருந்தாலும் அதுதான். ஈஸ்ட்ரஜன் என்ற ஹார்மோன் உள்ள மாத்திரையை இனித் தொடக்கூடாது. மரபணு எப்படி இருந்தாலும் அதுவும் அப்படியே. நாளைக்குக் கர்ப்பமானால், ஹார்மோன் மாத்திரையால் ஒரு முறை ரத்தக்கட்டு வந்தவள் என்பதற்காகவே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி போடுவார்கள். அதற்கும் ரிப்போர்ட் தேவையில்லை. அவளுடைய கால் வீங்கிய கதையே எந்த மரபணு ரிப்போர்ட்டையும்விட கனமான சாட்சி.

ஹார்மோன் கருத்தடை மாத்திரையும் ஃபேக்டர் ஃபைவ் லைடனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் லைடன் குழுவே 1994-ல் கணக்குப் போட்டது. இரண்டும் இல்லாத பெண்களில் வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் ரத்தக்கட்டு வந்தது. இரண்டும் சேர்ந்த பெண்களில் சுமார் 28 பேருக்கு. முப்பது மடங்கு என்று சொன்னால் வயிற்றைக் கலக்குகிறது. பத்தாயிரத்தில் 28 என்றால் மீதி 9,972 பேருக்கு அந்த வருடம் ஒன்றும் ஆகவில்லை என்றும் அர்த்தம். நோட்டீஸ்களில் மடங்குக் கணக்கு மட்டும்தான் இருக்கும்.

அவளுக்கு உண்மையில் பயன்படக்கூடிய ஒரு டெஸ்ட் இருக்கிறது, அது மரபணு டெஸ்டே இல்லை. ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள். இவை பரம்பரையாக வருவதில்லை, உடம்பு இடையில் உண்டாக்கிக்கொள்வது. இவை இருந்தால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையின் தேர்வே மாறும். ரிவரோக்சபான் போன்ற புது மாத்திரைகள் அங்கே சரியாகக் காப்பாற்றாமல் போகலாம், பழைய வார்ஃபரினுக்குத்தான் டாக்டர் போவார். கர்ப்ப காலத்துச் சிகிச்சையும் மாறும். முதல் முறை பாசிட்டிவ் என்று வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். விடை மாறினால் வைத்தியம் மாறும் என்பதால் இதற்குக் காசு கொடுக்கலாம் என்றேன்.

பேனலில் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் என்று உறைதலைத் தடுக்கும் மூன்று புரதங்களும் இருக்கும். இவை குறைவாக இருப்பது அரிது, ஆனால் இருந்தால் ஆபத்து ஃபேக்டர் ஃபைவ் லைடனைவிட அதிகம். சிக்கல் என்னவென்றால் இவற்றை ரத்தத்தில் அளவாகப் பார்க்கிறார்கள், அந்த அளவு நேரத்துக்கு நேரம் மாறும். கட்டி உறைந்த சூட்டில் எடுத்தால் குறையும். வார்ஃபரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சி-யும் எஸ்-ஸும் குறையும், ஹெபாரின் போட்டால் ஆன்டித்ராம்பின் குறையும், கர்ப்பத்தில் எஸ் குறையும். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆன அன்றே இந்தப் பேனலுக்கு ரத்தம் எடுத்து, குறைவு என்று எழுதிக் கொடுத்து, ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முத்திரை குத்திவிடுவது நடக்கிறது. எடுப்பதானால் சிகிச்சை முடிந்து, மாத்திரையை டாக்டர் சொன்னபடி நிறுத்திய பிறகு எடுக்க வேண்டும்.

அப்புறம் எம்டிஎச்எஃப்ஆர். இதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். இந்த மரபணுவின் மாற்றங்கள் மிகச் சாதாரணம், யாரைப் பார்த்தாலும் ஏதாவது ஒன்று இருக்கும். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் "மாற்றம் கண்டறியப்பட்டது" என்று வரும், குடும்பமே அழும். ரத்தக்கட்டுக்குக் காரணம் தேடும்போது இந்த டெஸ்டை எழுதவே வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2013-லேயே சொல்லிவிட்டது. இதனால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறும் என்பார்கள். பி12, ஃபோலிக் ஆசிட் கொடுத்து ஹோமோசிஸ்டீனைக் குறைத்தால் மாரடைப்பு குறைகிறதா என்று 2006-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் பார்த்தன, குறையவில்லை. நம் ஊரில் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி12 குறைவாக இருப்பது சகஜம். அதை அளந்து, குறைந்தால் மாத்திரை போட்டுக்கொள்ளலாம். அதற்கு மரபணுவைத் தோண்ட வேண்டியதில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. ரத்தக்கட்டு விஷயத்தில் நம் எல்லோரிடமும் ஏற்கெனவே ஒரு மரபணு ரிப்போர்ட் இருக்கிறது: ரத்த வகை. ஓ வகைக்காரர்களைவிட மற்றவர்களுக்குச் சிரையில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஓ வகையில் வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர் என்ற ஒட்டும் புரதமும் அதன் கூட்டாளி ஃபேக்டர் எட்டும் குறைவாக இருக்கும். டிரைவிங் லைசென்ஸிலேயே அச்சாகியிருக்கும் இந்தத் தகவலை யாரும் பேக்கேஜ் போட்டு விற்பதில்லை.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய பயம் தமனி சம்பந்தப்பட்டது. ஃபேக்டர் ஃபைவ் லைடனுக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. 39 வயது ஆணுக்கு, அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது என்பதற்காக த்ராம்போஃபிலியா பேனல் எடுப்பது வீண். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

எச்சில் கிட்தான் அவரை இழுத்தது. ஆபீஸில் யாரோ செய்திருக்கிறார்கள். "ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துட்டா நிம்மதி இல்லையா?" என்று கேட்டார். இந்தக் கிட்கள் மரபணுவில் ஆங்காங்கே உள்ள லட்சக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் போடுகின்றன. 2007-ல் முதலில் பிடிபட்ட 9பி21 என்ற இடத்தையே எடுத்துக்கொண்டால், ஒரு பிரதிக்கு 20 முதல் 30 சதவீதம் போலத்தான் வாய்ப்பு கூடும். தனியாக அது ஒன்றுமில்லை. கூட்டினால் கொஞ்சம் பொருள் வருகிறது. 2018-ல் வெளியான பெரிய மதிப்பெண் முறையில் 8 சதவீதம் பேருக்கு மூன்று மடங்கு ஆபத்து என்று பிரிக்க முடிந்தது. ஆனால் அதைக் கட்டியதும் சோதித்ததும் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் ரத்தத்தை வைத்து. பின்னால் தெற்காசியர்களிடமும் சோதித்தார்கள், வேலை செய்கிறது. ஆனால் நம் மரபணுக்களை வைத்தே கட்டிய மதிப்பெண் இன்னும் கூர்மையாக இருக்கும். அதற்கான கச்சாப்பொருள் இப்போதுதான் சேர்கிறது. 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

கிட்டில் "அதிக ஆபத்து" என்று வந்தால் டாக்டர் என்ன சொல்வார்? கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைப் பார், பிரஷரைப் பார், சர்க்கரையைப் பார், சிகரெட்டை விடு. "குறைந்த ஆபத்து" என்று வந்தால்? அதையேதான். 2004-ல் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, அளந்து மாற்றக்கூடிய 9 விஷயங்களே உலகத்தின் மாரடைப்பு ஆபத்தில் 90 சதவீதத்துக்குக் கணக்குச் சொல்கின்றன என்று காட்டியது. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்றவர்களுக்கு 59 ஒட்டி. நம்மவர்கள் ஆறு வருடம் முந்திக்கொள்கிறார்கள். அண்ணன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான் வேறு.

அந்த இடம் எல்பி-ஏ, அதாவது லிப்போபுரோட்டீன் ஏ. இந்தப் பெயரைச் சென்னையின் பெரும்பாலான மாஸ்டர் செக்கப் பட்டியலில் பார்க்க முடியாது. 1963-ல் நார்வேயின் கோரே பெர்க் கண்டுபிடித்தது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் போன்ற ஒரு துகள், அதன்மேல் கூடுதலாக ஒரு புரதம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் புரதத்தின் மரபணுவை 1987-ல் படித்தபோது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினோஜனின் சாயல் அதில் அப்படியே இருந்தது. கொழுப்புப் படிவோடு ரத்தம் உறைதலையும் தொடும் மரபணு என்று நோட்டீஸில் போட வேண்டுமானால் இதைத்தான் போட்டிருக்க வேண்டும்.

எல்பி-ஏ அளவில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தை மரபணுவே தீர்மானிக்கிறது. அரிசியைக் குறைத்தாலும் மெரினாவில் தினமும் நடந்தாலும் பெரிதாக அசையாது. அந்த மரபணுவுக்குள் ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். சிலருக்குச் சில முறை, சிலருக்கு நாற்பது முறை. திரும்பல் குறைந்தால் புரதம் சிறிதாகும், ரத்தத்தில் அளவு ஏறும். மரபணு எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கும் எச்சில் கிட்டுக்கு இந்தத் திரும்பல்களை எண்ணுவது கஷ்டம். ரத்தத்தில் நேரடியாக அளந்தால் ஒரே எண்ணில் விடை வந்துவிடும். மரபணு தீர்மானிப்பதால் வாழ்நாளில் ஒரு முறை அளந்தால் பெரும்பாலும் போதும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அதிகம். தெற்காசியர்களிடம் அது மாரடைப்பு வாய்ப்பைச் சுமார் இரண்டு மடங்காக்குவதை 2019-ல் வந்த இன்டர்ஹார்ட் அலசல் காட்டியது. ஆயிரம் சொச்ச ரூபாய் டெஸ்ட், பத்து மடங்கு விலையுள்ள கிட் சொல்லாததைச் சொல்கிறது.

அதிகமாக வந்தால் என்ன செய்ய முடியும் என்பது நியாயமான கேள்வி. எல்பி-ஏவைக் குறைக்கவென்றே உருவான ஊசிகள் பெரிய ஆய்வுகளில் இருக்கின்றன. அவை வரும்வரை மற்ற எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். எல்டிஎல் 130 என்றால் வேறு ஒருவரை "நடைபயிற்சி செய்யுங்கள்" என்று அனுப்பும் டாக்டர், எல்பி-ஏ அதிகமுள்ளவருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை முன்னாலேயே தொடங்கலாம். அதாவது விடை மாறினால் வைத்தியம் மாறுகிறது.

சீக்வென்சிங் யாருக்கு? எல்டிஎல் 190-ஐத் தாண்டுகிறவர்களுக்கு. குடும்பவழி அதிக கொலஸ்ட்ரால் என்ற நிலை சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பியின் மரபணுவில் பழுது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. சிகிச்சை இல்லாவிட்டால் இப்படிப்பட்ட ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வந்துவிடும். அப்பாவுக்கு 48. அதனால் இதைச் சும்மா தள்ளிவிட முடியவில்லை. ஆனால் இங்கேயும் முதல் படி மரபணு அல்ல, சில நூறு ரூபாய் லிப்பிட் புரொஃபைல். எல்டிஎல் 190-க்கு மேல், அல்லது குதிகால் தசைநார் தடித்து முடிச்சுப் போட்டிருந்தால்தான் மரபணுவைப் படிப்பதில் அர்த்தம். அப்போது அது நல்ல முதலீடும்கூட. ஒருவரிடம் பழுது எது என்று தெரிந்துவிட்டால் தம்பி, தங்கை, பிள்ளைகளிடம் அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. அத்தை மகள், மாமன் மகன், தாய்மாமன் என்று கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் குழந்தைக்கு வரலாம். அப்படி இரண்டு பிரதி சேர்ந்த குழந்தைக்கு எல்டிஎல் 500-ஐத் தாண்டும், பள்ளிக்கூட வயதிலேயே இதயக் குழாய் அடைக்கும். அரிதுதான். அண்ணன் கட்டியிருப்பது அத்தை மகளை. அப்பாவிடம் ஏதாவது பழுது இருந்தால் அது அண்ணியிடமும் இருக்க வாய்ப்புண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே அண்ணியின் பெயரையும் லிஸ்டில் சேர்த்தேன்.

சில பேக்கேஜ்களில் எம்ஒய்பிபிசி3 என்ற பெயரும் இருக்கும். அதில் 25 எழுத்து விடுபட்ட ஒரு மாற்றம் இந்தியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதையும் இதயத் தசை பலவீனமாவதற்கு அது காரணமாவதையும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2009-ல் வெளியிட்டது. நம் மண்ணில் பிறந்த நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அது தசை நோய், ரத்தக்கட்டும் இல்லை, அடைப்பும் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது இதயம் பெரிதாகி இறந்த கதை இருந்தால் எக்கோ எடுத்துப் பார்ப்பதே முதல் வேலை.

இதயக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று காட்டும் கால்சியம் ஸ்கேன் பற்றியும் அண்ணன் கேட்டார். நாற்பதுக்குக் கீழே பூஜ்யம் வருவது சகஜம், மெத்தென்ற படிவு அதில் தெரியாது. ஐந்தாறு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மரபணு ரிப்போர்ட் என்பது ஒருவருடைய ரத்த உறவுகளைப் பற்றியும் பேசும் காகிதம். இதை ஹெல்த் இன்சூரன்ஸ்காரர் கேட்கக்கூடாது என்று சொல்லும் 2008-ன் அமெரிக்கச் சட்டம் போல இங்கே தனிச் சட்டம் இல்லை. எச்சில் கிட்டை ஆன்லைனில் ஆர்டர் செய்கிறவர்கள் பாலிசி எடுப்பதைப் பற்றியும் முன்னாலேயே யோசிக்க வேண்டும்.

கடைசியில் சித்தி மகள் ஆன்டிபாஸ்போலிப்பிட் மட்டும் எடுத்தாள், நெகட்டிவ். மரபணுப் பேனலை மாத்திரை முடிந்த பிறகு ரத்தவியல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அவள் தங்கைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று: எந்த டாக்டரிடம் போனாலும் அக்காவுக்கு ரத்தக்கட்டு வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும், கருத்தடைக்குக் காப்பர்-டி போல ஈஸ்ட்ரஜன் இல்லாத வழியைக் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பீரியட்ஸைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் நேராக வாங்குகிற மாத்திரையும் ஹார்மோன்தான், அதையும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

அண்ணனுக்கு எல்டிஎல் 146, எல்பி-ஏ 88. குடும்பவழி கொலஸ்ட்ரால் இல்லை, சீக்வென்சிங் தேவையில்லை. ஆனால் அப்பாவின் 48-க்கு ஒரு காரணம் கிடைத்த மாதிரி இருக்கிறது. அப்பாவுக்கும் அளக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அண்ணன் ஸ்டேட்டின் ஆரம்பித்துவிட்டார், சிகரெட் விஷயத்தில் அண்ணி சொல்வதை நம்ப வேண்டும். அடுத்த வாரம் அண்ணிக்கும் பத்து வயதுப் பையனுக்கும் லிப்பிட், எல்பி-ஏ. பையனுக்கு ஊசி என்றால் பயம், அதனால் வீட்டுக்கு வந்து எடுக்கிற லேப் பையனையே வரச் சொல்லியிருக்கிறோம்.